குப்பிக்குள் இருப்பது புரதமா, நொதியா? மறுசேர்க்கை பாக்டீரியா நொதிகளின் தரவுத்தாளை வாசிப்பது எப்படி

ஆய்வகப் பொருட்களின் பட்டியலைப் புரட்டினால் இந்த மாதிரி வரிகள் கண்ணில் படும்: "மறுசேர்க்கை ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் சார்டேஸ் ஏ. அமினோ அமிலங்கள் 60–206. ஓம்புயிர்: ஈ. கோலை. ஹிஸ்டிடின் வால் உண்டு. தூய்மை 90 சதவீதத்துக்கு மேல். ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்."

முதன்முதலாகப் பார்ப்பவருக்குக் கேள்விகள்தான் மிஞ்சும். சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸா குப்பிக்குள் இருக்கிறது? அப்படியானால் நடுவில் ஈ. கோலை எங்கிருந்து வந்தது? அறுபதிலிருந்து தொடங்குகிறது என்றால் முதல் 59 என்ன ஆனது? 90 சதவீதம் தூய்மை என்றால் மீதிப் பத்தில் என்ன இருக்கிறது?

எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒரு கேள்விக்கு அந்த வரியில் பதிலே இல்லை: உள்ளே இருக்கும் புரதம் வேலை செய்யுமா? நொதி என்று பெயர் போட்டு விற்கப்படுவதெல்லாம் நொதியாக இயங்குவதில்லை. சிலவற்றை அந்த நோக்கத்தோடு தயாரிப்பதே கிடையாது. இது மோசடி அல்ல. தரவுத்தாளில் அதற்கான தடயங்கள் இருக்கும். அவற்றை வாசிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அடிப்படை

நொதி என்பது, அதாவது என்சைம் என்பது, ஒரு வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. அந்தச் சங்கிலி குறிப்பிட்ட வடிவத்தில் மடியும்போது ஓரிடத்தில் ஒரு பள்ளம் உருவாகிறது. அதுதான் வினைமையம். வினைபடு பொருள் அதில் வந்து உட்கார்ந்தால் வினை நடக்கும். சங்கிலி முழுதாக இருந்தும் மடிப்பு தவறினால் பள்ளம் இல்லை, வினையும் இல்லை. இந்தக் கட்டுரையின் பாதிச் சிக்கல் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

மறுசேர்க்கை என்பது, ஓர் உயிரின் மரபணுவை இன்னோர் உயிரின் டிஎன்ஏவோடு ஒட்டி, அந்த இரண்டாவது உயிரை வைத்துப் புரதத்தைத் தயாரிப்பது. ஆய்வகப் பேச்சில் ரீகாம்பினன்ட் என்பார்கள். 1973இல் ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் போயர் குழுவினர் ஈ. கோலை பாக்டீரியாவில் ஒட்டுப்போட்ட பிளாஸ்மிட்டைச் செலுத்திப் பெருக்கிக் காட்டியதிலிருந்து இந்த முறை வளர்ந்தது. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் தனியாகப் பெருகும் சிறிய டிஎன்ஏ வளையம்.

ஆக, ஒவ்வொரு குப்பிக்கும் இரண்டு உயிர்களின் பெயர் உண்டு. மரபணு எதனுடையதோ அது மூல உயிர். புரதத்தைச் செய்து கொடுத்தது ஓம்புயிர். மேலே சொன்ன குப்பியில் ஸ்டஃபைலோகாக்கஸ் செல் ஒன்றுகூட இல்லை. அந்த மரபணுவைப் பெற அந்தக் கிருமியை யாரும் வளர்த்திருக்கவும் வேண்டியதில்லை, ஏனெனில் இன்று மரபணு வரிசை தெரிந்தால் டிஎன்ஏவை வேதிமுறையிலேயே தொகுத்துவிடலாம். உயிருள்ள ஈ. கோலையும் உள்ளே இல்லை. செல்களை உடைத்துப் புரதத்தைப் பிரித்தெடுத்த பிறகுதான் அது குப்பிக்கு வருகிறது.

ஏன் மூல உயிரிலிருந்தே எடுப்பதில்லை?

காசநோய்க் கிருமியை எடுத்துக்கொள்ளலாம். அது இரட்டிப்பாக ஏறத்தாழ 20 மணி நேரம் பிடிக்கும். வசதியான சூழலில் ஈ. கோலைக்கு 20 நிமிடம் போதும். போதாக்குறைக்குக் காசநோய்க் கிருமியை வளர்க்க உயர்பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். ஆய்வகங்களில் புழங்கும் ஈ. கோலை வகைகள் நோய் உண்டாக்காதவை. ஒரே ஒரு நொதியை ஆராய்வதற்காகக் கிருமியையே கிலோக் கணக்கில் வளர்ப்பது வீண் வேலை.

இன்னொரு காரணம் அளவு: மூல உயிரில் அந்த நொதி சிறிதளவே இருக்கக்கூடும். இதற்கு நல்ல உதாரணம் டாக் பாலிமரேஸ். 1960களில் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்று ஒன்றில் 70 டிகிரி செல்சியஸில் சுகமாக வாழும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். தெர்மஸ் அக்வாடிகஸ் என்று பெயரிட்டு 1969இல் வெளியிட்டார்கள். 1976இல் அதன் டிஎன்ஏ பாலிமரேஸ், அதாவது டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதி, தனியாகத் தூய்மையாக்கப்பட்டது. டாக் பாலிமரேஸ் இதுதான். அப்போது அது ஒரு விநோதம், அவ்வளவே.

1983இல் கேரி மல்லிஸ், டிஎன்ஏ துண்டைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கும் பிசிஆர் முறையை யோசித்தபோது கதை மாறியது. பிசிஆரில் ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏவை 95 டிகிரி அளவுக்குச் சூடாக்கி இழைகளைப் பிரிக்க வேண்டும். தொடக்கத்தில் பயன்பட்ட ஈ. கோலை பாலிமரேஸ் துண்டு அந்தச் சூட்டில் செத்துப்போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் குழாயைத் திறந்து புது நொதி ஊற்ற வேண்டியிருந்தது. டாக் பாலிமரேஸோ 95 டிகிரியில் 40 நிமிடம் வைத்தாலும் பாதிக்குப் பாதி உயிரோடு இருக்கும். 1988இல் அது பிசிஆருக்குள் வந்தது. 1989இல் அதன் மரபணு ஈ. கோலைக்கு மாற்றப்பட்டது. இன்று விற்பனையாகும் டாக் பாலிமரேஸில் பெரும்பங்கு ஈ. கோலையில் செய்ததுதான்.

இதில் ஒரு கூடுதல் லாபமும் கிடைத்தது. ஓம்புயிரின் செல்களை உடைத்த சாற்றை 75 டிகிரியில் சுமார் ஒரு மணி நேரம் வைத்தால் ஈ. கோலையின் சொந்தப் புரதங்களில் பெரும்பாலானவை குலைந்து திரண்டு அடியில் படிந்துவிடும். டாக் பாலிமரேஸ் மட்டும் கரைசலில் தெளிவாக நிற்கும். சூடு கண்டு அஞ்சாத நொதியைச் சூடு தாங்காத உயிருக்குள் தயாரித்ததால் பாதித் தூய்மைப்படுத்தல் தானாகவே முடிந்துவிடுகிறது.

தயாரிப்பு எப்படி நடக்கிறது

பொதுவான வழி இதுதான்:

1. நொதியின் மரபணுவைப் பிளாஸ்மிட்டில் ஒட்டுகிறார்கள். மரபணுவின் முனையில் ஆறு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களுக்கான குறியீட்டையும் சேர்த்துவிடுவார்கள். இதுதான் ஹிஸ்டிடின் வால்.

2. பிளாஸ்மிட்டை ஈ. கோலைக்குள் செலுத்துகிறார்கள். மிகப் பரவலாகப் புழங்குவது பிஎல்21 டிஈ3 என்ற வகை. புரதத்தைக் கடித்துக் குதறும் லான், ஓம்ப்டி என்ற இரண்டு நொதிகள் இதில் கிடையாது. டி7 என்ற வைரஸின் ஆர்என்ஏ பாலிமரேஸ் மரபணு இதன் மரபணுத் தொகுதிக்குள்ளேயே பதிந்திருக்கிறது. 1986இல் வில்லியம் ஸ்டூடியரும் பார்பரா மொஃபாட்டும் வெளியிட்ட முறை இது.

3. செல்கள் போதிய அளவு பெருகியதும் ஐபிடிஜி என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அதுவரை பூட்டிக் கிடந்த டி7 பாலிமரேஸ் மரபணு திறந்துகொள்கிறது. அது நம் மரபணுவை மட்டும் வெறித்தனமாகப் படியெடுக்கிறது.

4. செல்களைச் சேகரித்து உடைத்து, சாற்றை நிக்கல் ஏற்றிய மணிகள் நிரப்பிய குழாய் வழியே ஓட்டுகிறார்கள். ஹிஸ்டிடின் வால் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும். மற்றவை ஓடிவிடும்.

5. இமிடசோல் கரைசலை ஊற்றினால் அது நிக்கலில் ஹிஸ்டிடினின் இடத்தைப் பறித்துக்கொள்ளும். நமக்கு வேண்டிய புரதம் கழன்று வெளியே வரும்.

படிக்கச் சுலபமாக இருக்கிறது. மூன்றாவது படியில்தான் பெரும்பாலும் வில்லங்கம் வரும். அவசர அவசரமாகத் தயாராகும் புரதம் மடிய நேரமில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இன்க்ளூஷன் பாடி என்பது இதைத்தான். அதனால்தான் பல ஆய்வகங்களில் ஐபிடிஜி சேர்த்தபின் வெப்பநிலையை 37 டிகிரியிலிருந்து 16 அல்லது 18க்கு இறக்கி இரவு முழுக்க விட்டுவிடுகிறார்கள். வேகம் குறைந்தால் மடிப்பு ஒழுங்காகிறது.

சில மரபணுக்கள் வேறு விதத்தில் முரண்டு பிடிக்கும். மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாக்களில் யுஜிஏ என்ற குறியீடு டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கிறது, ஈ. கோலையிலோ அதற்கு 'நிறுத்து' என்று பொருள். மைக்கோபிளாஸ்மா மரபணுவை அப்படியே கொண்டுவந்து வைத்தால் ஈ. கோலை பாதியிலேயே சங்கிலியை அறுத்துவிடும். வெட்டு நொதிகளின் கதை இதைவிடச் சுவாரஸ்யம். டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் இந்த நொதிகளை ஓம்புயிருக்குள் தயாரித்தால் அவை ஓம்புயிரின் டிஎன்ஏவையே வெட்டிக் கொன்றுவிடும். எனவே அந்த இடங்களை மூடிப் பாதுகாக்கும் மெத்திலேஸ் நொதியின் மரபணுவையும் சேர்த்தே கொடுப்பது வழக்கம். இயற்கையில் வெட்டு நொதி வைத்திருக்கும் பாக்டீரியாவும் இப்படித்தான் பிழைக்கிறது.

'தூய்மை 90 சதவீதம்' எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

தரவுத்தாளில் அதிகம் நம்பப்படும் எண் இது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

இந்த எண் பெரும்பாலும் எஸ்டிஎஸ்-பேஜ் என்ற சோதனையிலிருந்து வருகிறது. புரத மாதிரியை எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளோடு சேர்த்து 95 டிகிரியில் சூடாக்குவார்கள். மடிப்பெல்லாம் குலைந்து புரதங்கள் நேர்ச்சங்கிலியாகிவிடும். பிறகு ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சினால் சிறியவை முன்னே ஓடும், பெரியவை பின்தங்கும். சாயம் ஏற்றிப் பார்த்தால் பட்டைகள் தெரியும். எதிர்பார்த்த இடத்தில் இருக்கும் பட்டை மொத்தச் சாயத்தில் 90 சதவீதம் என்றால் தூய்மை 90 சதவீதம்.

கவனியுங்கள்: மடிப்பைக் குலைத்த பிறகுதான் அளக்கிறார்கள். தையலைப் பிரித்துப்போட்ட சட்டையைத் தராசில் வைத்தால் எடை குறையாது. ஆனால் அதை உடுத்த முடியாது. ஒழுங்காக மடிந்து முழு வேகத்தில் இயங்கும் நொதியும், தாறுமாறாக மடிந்து எதற்கும் உதவாத அதே புரதமும் இந்தச் சோதனையில் ஒரே இடத்தில் ஒரே பட்டையாகத்தான் தெரியும்.

சங்கிலியில் எவ்வளவு பகுதி இருக்கிறது என்ற விவரமும் இப்படித்தான். 'பகுதிப் புரதம்' என்று தாளில் போட்டிருந்தால் உடனே ஒதுக்கவும் கூடாது, நம்பவும் கூடாது. இரண்டு உதாரணங்கள் போதும்.

முதலாவது சார்டேஸ் ஏ. புரதங்களைப் பாக்டீரியாவின் செல்சுவரில் ஒட்டும் நொதி. இது 206 அமினோ அமிலங்கள் கொண்டது. முன்முனையிலுள்ள பகுதி அதைப் பாக்டீரியாவின் சவ்வில் நங்கூரமிட்டு வைக்கிறது. கரைசலில் மிதக்க வேண்டிய நொதிக்கு நங்கூரம் இடைஞ்சல். முதல் 59ஐ நீக்கினால் மிச்சம் அழகாகக் கரைந்து, தன் வேலையை முழுதாகச் செய்கிறது. புரதங்களோடு சாயங்களையும் வேறு மூலக்கூறுகளையும் இணைக்க ஆய்வாளர்கள் விரும்பிப் பயன்படுத்துவது இந்த வெட்டிய வடிவத்தைத்தான்.

இரண்டாவது, பால் சர்க்கரையை உடைக்கும் ஈ. கோலையின் பீட்டா-கேலக்டோசிடேஸ். ஆயிரத்துச் சொச்சம் அமினோ அமிலங்கள். நான்கு சங்கிலிகள் ஒன்றுசேர்ந்தால்தான் வேலை நடக்கும். இதில் 11 முதல் 41 வரை, அதாவது 31 அமினோ அமிலங்களை மட்டும் நீக்கினால் நான்கு சங்கிலிகள் சேர முடியாமல் இரண்டிரண்டாக நின்றுவிடுகின்றன. வினைமையத்தைத் தொடவே இல்லை, சங்கிலியில் 97 சதவீதம் அப்படியே இருக்கிறது. செயல்பாடு மட்டும் போய்விட்டது. விடுபட்ட துண்டைத் தனியாகத் தயாரித்துக் கொடுத்தால் நொதி மறுபடி உயிர்பெறுகிறது. மரபணு ஒட்டும் ஆய்வகங்களில் நீலம், வெள்ளை என்று பாக்டீரியாத் திட்டுகளைப் பிரித்தறியும் முறை இதை வைத்துத்தான் நடக்கிறது.

ஆக, எத்தனை சதவீதம் சங்கிலி இருக்கிறது என்பதைவிட, எந்தப் பகுதி இல்லை, அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதே கேள்வி.

சரி, மீதி 10 சதவீதம்? பெரும்பாலும் ஓம்புயிரின் புரதங்கள். எஸ்எல்ஒய்டி, ஆர்ன்ஏ என்ற இரண்டு ஈ. கோலை புரதங்களில் இயல்பாகவே ஹிஸ்டிடின் அதிகம் வெளியே தெரிவதால், வால் இல்லாமலேயே நிக்கலில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிடும். இவை பெரும்பாலும் சும்மா இருக்கும் விருந்தாளிகள். ஆபத்து வேறு இடத்தில் உள்ளது. நீங்கள் ஆராய்வது ஒரு மந்தமான ஃபாஸ்ஃபடேஸ் (பாஸ்பேட்டை வெட்டியெடுக்கும் நொதி) என்று வைத்துக்கொள்வோம். ஈ. கோலையின் சொந்த ஃபாஸ்ஃபடேஸ் ஒன்று அரை சதவீதம் கலந்திருந்து, அது உங்கள் நொதியைப்போல ஆயிரம் மடங்கு வேகம் என்றால், நீங்கள் அளப்பது பெரும்பாலும் அதன் வேலையைத்தான். ஜெல்லில் அந்த அரை சதவீதம் தெரியக்கூடத் தெரியாது.

இதற்கு ஒரு நேர்மையான சோதனை உண்டு. வினைமையத்தின் முக்கிய அமினோ அமிலத்தை மட்டும் மாற்றி, உதாரணமாக பெனிசிலினை உடைக்கும் ஏ வகுப்பு பீட்டா-லாக்டமேஸ் நொதியில் 70ஆம் இடத்து செரினை அலனின் ஆக்கி, அதே ஓம்புயிரில் தயாரித்து, அதே வகை நிக்கல் குழாயில், அதே முறையில் தூய்மைப்படுத்த வேண்டும். செத்த நொதியிலும் செயல்பாடு தெரிந்தால் அது கலப்படத்தின் வேலை. அந்த ஒப்பீடு இல்லாத செயல்பாட்டு எண்ணைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஓம்புயிர் ஈஸ்ட் என்றால்?

பாக்டீரியா நொதியை ஈஸ்டிலோ பூச்சி செல்களிலோ பாலூட்டி செல்களிலோ தயாரித்ததாகவும் சில தாள்கள் சொல்லும். உயர்ந்த உயிர் என்பதால் உயர்ந்த தரம் என்று எண்ணிவிட வேண்டாம். ஈஸ்ட், சுரக்கும் புரதங்களில் அஸ்பரஜின்–புரோலின் தவிர ஏதேனும் ஒன்று–செரின் அல்லது திரியோனின் என்ற அமினோ அமில வரிசையைக் கண்டால் அங்கே சர்க்கரைத் தொடரை ஒட்டிவிடக்கூடும். மூலப் பாக்டீரியாவில் அந்தச் சர்க்கரை இருந்திருக்காது. ஈ. கோலையில் கட்டியாகிப்போகும் புரதத்துக்கு இவை நல்ல மாற்றுவழி. மற்றபடி பாக்டீரியா நொதிக்குப் பாக்டீரியாதான் இயல்பான வீடு.

யூனிட்: ஒரே சொல், வெவ்வேறு அளவு

செயல்படும் நொதியைப் பெரும்பாலும் மில்லிகிராமில் விற்க மாட்டார்கள், யூனிட்டில் விற்பார்கள். பாடப்புத்தக விளக்கப்படி, ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் வினைபடு பொருளை மாற்றும் நொதி அளவு ஒரு யூனிட். நடைமுறையில் ஒவ்வொரு நொதிக்கும் ஒரு கணக்கு.

டாக் பாலிமரேஸுக்கு: 74 டிகிரி அளவில் 30 நிமிடத்தில் 10 நானோமோல் நியூக்ளியோடைடுகளை டிஎன்ஏவில் சேர்க்கும் அளவு. வெட்டு நொதிக்கு: ஒரு மணி நேரத்தில் ஒரு மைக்ரோகிராம் லாம்டா டிஎன்ஏவை (லாம்டா என்ற வைரஸின் டிஎன்ஏ) முழுதாக வெட்டும் அளவு. அதனால் '5 யூனிட் டாக்', '5 யூனிட் ஈகோஆர்ஐ' (இது ஒரு வெட்டு நொதி) இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. வெட்டு நொதியின் யூனிட்டிலும் ஒரு நுணுக்கம்: லாம்டா டிஎன்ஏவின் 48,502 எழுத்து இணைகளில் ஈகோஆர்ஐ வெட்டும் இடங்கள் ஐந்தே. உங்கள் டிஎன்ஏ குட்டையாக, வெட்டும் இடங்கள் நெருக்கமாக இருந்தால் அதே மைக்ரோகிராமுக்கு அதிக யூனிட் தேவைப்படும்.

யூனிட்டை மில்லிகிராமால் வகுத்தால் கிடைப்பது ஒப்புச் செயல்திறன். தூய்மைப்படுத்தல் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று காட்டும் எண் இதுதான். உடைத்த சாற்றில் 1,000 மில்லிகிராம் புரதமும் 2,000 யூனிட்டும் இருந்தன என்போம்: மில்லிகிராமுக்கு 2. நிக்கல் குழாய்க்குப் பின் 20 மில்லிகிராம், 1,200 யூனிட்: மில்லிகிராமுக்கு 60. முப்பது மடங்கு தூய்மை கூடியிருக்கிறது, நொதியில் 60 சதவீதம் கைக்கு வந்திருக்கிறது. ஒரு தாளில் தூய்மை சதவீதம் மட்டும் இருந்து ஒப்புச் செயல்திறன் இல்லையென்றால், அந்தப் புரதத்தின் செயல்பாட்டை யாரும் சோதித்துப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அப்படிப்பட்ட பொருளை ஏன் வாங்குகிறார்கள்? எதிர்ப்பொருள் தயாரிக்க, அல்லது ரத்தத்தில் ஒரு கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க. அந்த வேலைக்குப் புரதத்தின் மேற்பரப்பு போதும், வினைமையம் இயங்க வேண்டியதில்லை. பட்டியல்களில் ஆயிரக்கணக்கில் வரிசைகட்டி நிற்கும் பாக்டீரியா நொதிகளில் கணிசமானவை இந்த ரகம்.

குப்பியைத் திறந்த பிறகு வரும் தொல்லைகள்

நொதி நல்லதாகவே இருக்கட்டும். அப்படியும் தவறு நடக்கும் இடங்கள் உண்டு.

1. கிளிசரால். நொதிகள் பெரும்பாலும் 50 சதவீத கிளிசராலில் வரும். அதனால் மைனஸ் 20 டிகிரியில்கூட உறையாது. உறைந்து உருகும் சேதம் தவிர்க்கப்படுகிறது. ஆனால் வினைக்கலவையில் கிளிசரால் 5 சதவீதத்தைத் தாண்டினால் சில வெட்டு நொதிகள் நிதானம் இழக்கும். ஜிஏஏடிடிசி என்ற ஆறெழுத்தை மட்டும் வெட்ட வேண்டிய ஈகோஆர்ஐ, நடுவிலுள்ள ஏஏடிடி இருந்தாலே வெட்டத் தொடங்கிவிடும். இதற்கு ஸ்டார் ஆக்டிவிட்டி என்று பெயர். 20 மைக்ரோலிட்டர் கலவையில் 2 மைக்ரோலிட்டர் நொதி ஊற்றினாலே 5 சதவீத எல்லைக்கு வந்துவிட்டோம். 'இன்னும் கொஞ்சம் நொதி போட்டால் நன்றாக வெட்டும்' என்ற எண்ணம் இங்கே கெடுதல்.

2. உலோக அயனி. சார்டேஸ் ஏ கால்சியம் இருந்தால் பல மடங்கு வேகமாக இயங்கும். உலோக அயனிகளைக் கவ்வும் ஈடிடிஏ கலந்த கரைசலில் வைத்தால் கால்சியம் பறிபோகும். பாஸ்பேட் கரைசலில் கால்சியம் வீழ்படிவாகிவிடும். இரண்டிலும் நொதி கெட்டுப்போனது போலத் தெரியும், அதன்மேல் பழி விழும்.

3. ஓம்புயிரின் டிஎன்ஏ. பாக்டீரியாவில் தயாரித்த நொதியில் அந்தப் பாக்டீரியாவின் டிஎன்ஏ துணுக்குகள் சிறிதளவு தங்கிவிடும். சாதாரண வேலைக்கு இது பொருட்டல்ல. ஆனால் மாதிரியில் ஏதாவது பாக்டீரியா இருக்கிறதா என்று எல்லாப் பாக்டீரியாக்களிலும் உள்ள 16எஸ் மரபணுவை பிசிஆரில் தேடும்போது, பாலிமரேஸ் குப்பியிலிருந்த ஈ. கோலை டிஎன்ஏவே பெருகி 'இருக்கிறது' என்று காட்டும். ஒவ்வொரு ஈ. கோலை மரபணுத் தொகுதியிலும் இந்த மரபணு ஏழு பிரதிகள் இருப்பது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. மாதிரியே சேர்க்காத வெற்றுக் குழாயும் 'இருக்கிறது' என்று காட்டினால் குற்றவாளி நொதிக் குப்பியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

4. உலர்தூள். உலரவைத்த நொதி சில சமயம் கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலமாக மூடியில் ஒட்டியிருக்கும். திறப்பதற்கு முன் குப்பியை ஒரு சுற்று மையவிலக்கியில் சுழற்றச் சொல்வது இதனால்தான்.

'ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்'

இந்த வரி வெறும் சட்டச் சம்பிரதாயம் அல்ல. ஈ. கோலையின் வெளிச்சவ்வில் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள் இருக்கிறது. எண்டோடாக்சின் என்பது இதுவே. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு சில நானோகிராம் ரத்தத்தில் ஏறினாலே மனிதருக்குக் காய்ச்சல் வரும். நிக்கல் குழாய் இதை முழுதாக நீக்குவதில்லை. பிசிஆர் குழாய்க்கு எண்டோடாக்சின் ஒரு பொருட்டே இல்லை. நரம்பில் ஏற்றும் மருந்துக்கு அது உயிர்ப்பிரச்சினை. அத்துடன் ஆராய்ச்சித் தரக் குப்பிக்குக் கிருமியற்ற நிலை, தொகுதிக்குத் தொகுதி மாறாத தரம், ஒவ்வொரு படிக்கும் ஆவணம் ஆகியவை உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

பாக்டீரியா நொதி மருந்தாக முடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஈ. கோலையின் அஸ்பரஜினேஸ் பல பத்தாண்டுகளாகக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கிறது. ஆனால் மருந்தாகும் அஸ்பரஜினேஸும் பட்டியலில் உள்ள ஆராய்ச்சி அஸ்பரஜினேஸும் ஒரே வினையைச் செய்தாலும் ஒரே பொருள் அல்ல. உயிரணு வளர்ப்புச் சோதனைகளிலும் இது கவனிக்க வேண்டியது: பாக்டீரியா நொதி நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டுகிறது என்று முடிவு வந்தால், தூண்டியது நொதியா, கூட வந்த எண்டோடாக்சினா என்று பார்க்காமல் விடக் கூடாது.

குழாயில் நடப்பதும் கிருமிக்குள் நடப்பதும்

கடைசியாக, எல்லாம் சரியாக இருந்தும் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் ஒரு சிக்கல்.

ஐசோநியாசிட் காசநோய்க்கு முதல்வரிசை மருந்து. அது தாக்கும் இலக்கு, காசநோய்க் கிருமியின் செல்சுவருக்கான கொழுப்பு அமிலத்தைக் கட்டும் இன்ஹெச்ஏ என்ற நொதி. ஈ. கோலையில் செய்த தூய இன்ஹெச்ஏவை ஒரு குழாயில் எடுத்து ஐசோநியாசிட்டைச் சேர்த்துப் பார்த்தால் நொதி பெரிதாகத் தடைபடாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். இலக்கு தவறா? இல்லை. ஐசோநியாசிட் ஒரு முன்மருந்து. கிருமிக்குள் கேட்ஜி என்ற இன்னொரு நொதி முதலில் அதை உடைத்து வினைத்திறன் மிக்கதாக்குகிறது. அது, செல்லுக்குள் பல நொதிகளுக்குத் துணைநிற்கும் என்ஏடி மூலக்கூறோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டு மூலக்கூறுதான் இன்ஹெச்ஏவின் பள்ளத்தை அடைக்கிறது. குழாயில் கேட்ஜி இல்லை, எனவே மருந்தும் மருந்தாகவில்லை.

நோயாளிகளிடம் காணப்படும் ஐசோநியாசிட் எதிர்ப்பில் பெரும்பங்கு இன்ஹெச்ஏவில் நேரும் மாற்றத்தால் வருவதில்லை என்பதும் இதோடு பொருந்துகிறது. கேட்ஜியின் 315ஆம் இடத்தில் செரின் திரியோனினாக மாறுவதுதான் அடிக்கடி தென்படும் மாற்றம். இன்ஹெச்ஏவை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை துல்லியமாக அளந்தாலும் இந்த எதிர்ப்பு கண்ணில் படாது. கேட்ஜி, என்ஏடி இரண்டையும் அதே குழாயில் சேர்த்தால்தான் ஐசோநியாசிட் தன் வேலையைக் காட்டத் தொடங்கும்.